புகை ரயிலை போட்டோ பிடிக்கலாம், வாங்க!

குட்டீஸ்... அனகாபுத்தூர், பம்மல் பக்கம் இருப்பவர்கள் எல்லாம் பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறியிருப்பீர்கள். இன்று அந்தப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம் 1 மீட்டர் 67.6 செ.மீ. இதுதான் அகலப்பாதை. ஆனால், அதே வழியில் நீண்ட காலம் ஓடியது வெறும் 1 மீட்டர் அகலமுள்ள 'மீட்டர் கேஜ்' ரயில்! 1931ம் ஆண்டு கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் வந்தது. அதற்கு முன் அங்கே 'குப் குப்' என்று நீராவி இன்ஜின்கள்தான் ஓடின. 2004ம் ஆண்டோடு மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் அங்கே நின்று போனது.

உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ரயிலில் போன கதையை மணிக்கணக்கில் சொல்வார்கள். "சரி, ஒரு போட்டோ காட்டுங்க தாத்தா" என்றால்? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. தினமும் பார்க்கிற ஒன்றை யாராவது போட்டோ எடுப்பார்களா? அது போன பிறகுதானே அருமை தெரிகிறது!

கவலை வேண்டாம். அதே 1 மீட்டர் பாதை, அதே நீராவி இன்ஜின், நம் தமிழ்நாட்டில் ஓர் இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீலகிரி மலை ரயில்! அதைப் போட்டோ எடுக்க வெளிநாடுகளில் இருந்தெல்லாம் வருகிறார்கள். நாமும் போகலாமா?

பின்னால் இருந்து தள்ளும் இன்ஜின்

சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரசில் ஏறினால், காலையில் மேட்டுப்பாளையம். அதே ஸ்டேஷனில் நீல நிறப் பெட்டிகளோடு குட்டி ரயில் காத்திருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை 1899ம் ஆண்டு இந்தப் பாதை திறக்கப்பட்டது. 1908ல் ஊட்டி வரை நீண்டது. மொத்தம் 46 கி.மீ. வழியில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள்! 2005ம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பம். சில இடங்களில் 12 மீட்டர் முன்னால் போனால், 1 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் என்றால் வழுக்கி விடும். அதற்காக, தண்டவாளங்களுக்கு நடுவே ரம்பம் போல பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் அடியில் இருக்கும் பல் சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக ஏறும். சைக்கிள் செயினும் பல் சக்கரமும் ஒன்றை ஒன்று கவ்விக் கொள்ளுமே, அது போலத்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்த முறை இது. இந்தியாவில் பல் சக்கரப் பாதை உள்ள ஒரே ரயில் இதுதான்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? மேலே ஏறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது. பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்! கீழே இறங்கும்போது அதே இன்ஜின் முன்னால் நின்று, பெட்டிகள் ஓடிவிடாமல் தாங்கிப் பிடிக்கும். ஆகவே போட்டோ எடுப்பவர்கள், 'ரயில் ஏறுகிறதா, இறங்குகிறதா' என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினுக்காகக் காத்திருந்து, கடைசியில் பெட்டிதான் படத்தில் விழும்!

பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. பிறகு நம் திருச்சி பொன்மலை ரயில்வே தொழிற்சாலையிலேயே, 2011ம் ஆண்டு முதல் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்திருக்கிறார்கள். உலகின் பெரும்பாலான இடங்களில் நீராவி இன்ஜினை நிறுத்திய பிறகு, நம் ஊரில் புதிதாகச் செய்தார்கள் என்றால் பெருமைதானே!

இரவில் ரயில் பிடித்தவர்

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். 1955ம் ஆண்டு, வர்ஜீனியா மாநிலத்தில் நீராவி ரயில்கள் இன்னும் ஓடுவதைப் பார்த்தார். சீக்கிரமே டீசல் இன்ஜின் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. 'போவதற்குள் படம் பிடித்துவிட வேண்டும்' என்று கிளம்பினார்.

பெரும்பாலும் இரவில்தான் எடுத்தார். ஏன்? பகலில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை நாம் மாற்ற முடியாது. இரவில் விளக்கை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் இல்லையா? ரயில் வரும் இடத்தைச் சுற்றி ஏராளமான பிளாஷ் பல்புகளை வயரில் இணைத்து வைப்பார். ரயில் சரியான இடத்துக்கு வந்ததும், எல்லா பல்புகளும் ஒரே நொடியில் 'பளிச்!' அந்த பல்புகள் ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது. ஒரு ரயிலுக்கு ஒரே ஒரு வாய்ப்பு!

அவர் ரயிலை மட்டும் எடுக்கவில்லை. ரயில் பாதைக்கு அருகே வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், ஆற்றில் குளித்த சிறுவர்கள், ஸ்டேஷன் ஊழியர்கள் எல்லாரையும் சேர்த்து எடுத்தார். இன்ஜின் சத்தத்தையும் டேப்பில் பதிவு செய்தார். 1960ல் அந்தப் பாதையில் நீராவி நின்றது. அதற்குள் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. இன்று அந்தப் படங்களுக்கென்றே அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது.

நீங்கள் எப்படி எடுக்கலாம்?

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. அம்மா, அப்பாவின் செல்போனே போதும்.

* குளிர்ந்த காலை நேரம் நல்லது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து, சின்னச் சின்ன நீர்த்துளிகளாக மாறும்போதுதான் வெள்ளை மேகம் போலத் தெரிகிறது. காற்று குளிர்ச்சியாக இருந்தால், மேகமும் பெரிதாக இருக்கும்.

* சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் இன்ஜின் வெறும் கறுப்பு நிழலாகிவிடும்.

* மலைப் பகுதியில் ரயில், நீங்கள் சைக்கிள் மிதிக்கும் வேகத்தில்தான் போகும். எனவே அவசரம் வேண்டாம். ரயில் எங்கே வந்தால் அழகாக இருக்கும் என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

* ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். இரண்டுமே பிளாட்பாரத்தில் நின்றபடி நிதானமாக எடுக்க ஏற்ற இடங்கள்.

* பெட்டிகளில் பிரேக் பிடிக்கும் ஊழியர்கள், இன்ஜினில் வேலை செய்பவர்கள்... இவர்களையும் எடுக்கலாம். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் எடுக்க வேண்டும்.

* எடுத்த நாள், ஊர், ரயில் பெயர் மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். விவரம் இல்லாத போட்டோ, முகவரி எழுதாத கடிதம் மாதிரி!

இதை மட்டும் செய்யாதீர்கள்

ஒரு போட்டோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்கி உயிரை விட்டவர்கள் பலர். மின்சார ரயில் சத்தமில்லாமல், நீங்கள் நினைப்பதைவிட வேகமாக வந்துவிடும். செல்போன் திரையில் பார்க்கும்போது தூரமும் சரியாகத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தலை, கை நீட்டக் கூடாது. மலை ரயிலில் பாறையும் சுரங்கச் சுவரும் கைக்கு எட்டும் தூரத்தில் வரும். கல்லாறு பக்கம் காட்டு யானைகளும் நடமாடும். அனுமதியின்றி ரயில் பாதையில் நடப்பது, 1989ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றமும்கூட. பிளாட்பாரத்தில், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, பெரியவர்கள் பக்கத்தில் நின்று எடுங்கள். நல்ல படம் எடுப்பவர், அடுத்த படம் எடுக்கவும் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

உங்களுக்கு ஒரு வேலை!

ஊட்டிக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். வின்ஸ்டன் லிங்க் செய்ததை நம் தெருவிலேயே செய்யலாம். அனகாபுத்தூர் என்றாலே ஒரு காலத்தில் கைத்தறி ஞாபகம்தான் வரும். இங்கே நெய்த துணிகள் ஆப்பிரிக்கா வரை கப்பலில் போயின. வாழைநாரில் சேலை நெய்தும் இந்த ஊர் நெசவாளர்கள் பெயர் வாங்கினார்கள். ஆனால், வீட்டுக்கு வீடு கேட்ட தறிச் சத்தம் இப்போது மிகவும் குறைந்துவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்களோடு ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போய், அனுமதி கேட்டு, தறியைப் படம் எடுங்கள். நாடா ஓடும் சத்தத்தையும் செல்போனில் பதிவு செய்யுங்கள். இருபது வருடம் கழித்து ஒரு குட்டிப் பாப்பா, "தறின்னா எப்படி இருக்கும்?" என்று உங்களைக் கேட்கும். அப்போது காட்ட, உங்கள் கையில் ஒரு போட்டோ இருக்கும்!