கைக்கு அடங்கிய கனம்

இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும். ஸ்ரீராம்புரத்தில் வாழும் நாம் இதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரில் தமிழர் மிகுதியாகக் குடியேறிய பேட்டைகளுள் இஃது ஒன்று. படையில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், வங்கி வாயிலிலும் நகைக்கடை வாயிலிலும் காவல் புரியும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்தம் தோளில் நாள் முழுதும் தொங்குவது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கியே. உரிமமும் துப்பாக்கியும் சொந்தமாக உடையவர்க்கே சில இடங்களில் அவ்வேலை கிடைக்கிறது. ஆகவே, ஒருவர் எத்தகைய துப்பாக்கியை வாங்குகிறார் என்பது அவருடைய பிழைப்போடு ஒட்டிய செய்தியாகும்.

அத்தகைய வேலையை நாடிய நம் தெரு இளைஞர் ஒருவர், பழைய துப்பாக்கி ஒன்றை விலை பேசிவிட்டு வந்தார். "இறகு போல இருக்கிறது, ஐயா!" என்று மகிழ்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த முன்னாள் படைவீரர், "அது இருக்கட்டும், தம்பி. அதில் எந்தத் தோட்டாவைப் போடப் போகிறாய்?" என்றார். இளைஞரிடம் விடை இல்லை. அவ்வினாவின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் துப்பாக்கியின் அமைப்பைக் காண்போம். முன்னே இரு குழல்கள்; பின்னே தோளில் பதியும் மரக்கட்டை; இரண்டையும் இணைக்கும் எஃகுச் சட்டம் நடுவே. தோட்டா இடுவதற்காகக் குழல்கள் கீல் ஆணி ஒன்றின்மீது மடிகின்றன. சுடும்பொழுது வெடிவாயு தோட்டாவின் அடியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அவ்விசையைச் சட்டத்தின் நிமிர்ந்த சுவர் தாங்குகிறது. அச்சுவரும் கிடையான பகுதியும் கூடும் மூலையே மிகுந்த இழுவிசைக்கு உள்ளாகும் இடம். எடையைக் குறைக்கும் ஆசையால் அம்மூலையில் எஃகைச் சுரண்டிவிட்டால், நாளடைவில் விரிசல் காணக்கூடும்.

சட்டத்தின் அளவு, குழலின் அளவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஒரு ராத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை அடங்கும் குழலே 12 போர். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக்கினால் 20 போர், விட்டம் 15.6 மில்லிமீட்டர். 12 போருக்குரிய பருத்த சட்டத்தில் 20 போர்க் குழல்களைப் பொருத்தினால், இடைவெளியை நிரப்பக் குழற்சுவர்கள் தடிக்கும். சிறு துப்பாக்கி பெருங்கனம் பெறும். இதனாலேயே அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனத்தார் பல அளவுகளில் சட்டங்கள் செய்து, அளவெண்ணைக் குழலின் அடியில் பொறித்தனர். லண்டனில் சார்லஸ் லங்காஸ்டர் நிறுவனத்தார், 20 போரின் எடையில் 12 போர் துப்பாக்கி செய்து, அதற்குப் பன்னிரண்டு-இருபது என்றே பெயரிட்டனர்.

அங்ஙனமாயின், எடை குறையக் குறைய நன்மைதானோ? அன்று. ஈய ரவை முன்னே பாயும்பொழுது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. 30 கிராம் ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். தக்கையையும் மருந்தையும் கணக்கில் சேர்க்காவிடினும், 3 கிலோகிராம் துப்பாக்கி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்வரும். துப்பாக்கியின் எடை இரண்டரைக் கிலோகிராமானால் வேகம் 4.8 மீட்டர். தோள் தாங்க வேண்டிய ஆற்றலோ 24 ஜூலிலிருந்து 28.8 ஜூலாக உயரும். எடையில் ஆறில் ஒரு பங்கு குறைய, உதையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது.

பர்மிங்காம் நகரத்துக் கிரீனர் என்னும் துப்பாக்கி வினைஞரின் பெயரால் வழங்கும் எளிய விதி ஒன்று உண்டு. துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருத்தல் நன்று என்பதே அது. 32 கிராம் ரவைக்கு 3.07 கிலோகிராம், 28 கிராமுக்கு 2.69 கிலோகிராம். இரண்டரைக் கிலோகிராம் துப்பாக்கிக்கு 26 கிராம் ரவையே தக்கது. முன்னாள் வீரர் தோட்டாவைப் பற்றி முதலில் வினவியதன் காரணம் இதுவே.

அவ்வினாவில் மற்றோர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இன்றோ 70 மில்லிமீட்டர்த் தோட்டா பெருவழக்கு. மடித்த வாயோடு அது பழைய அறையில் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்பொழுது மடிப்பு விரிந்து குழல்வாயை நெருக்க, அழுத்தம் அளவு கடந்து ஏறக்கூடும். மெலிந்த சட்டத்துக்கு இஃது ஆபத்து. ஆதலின், குழலின் அடியில் பொறித்துள்ள அளவுகளை அறிந்தவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே பழைய துப்பாக்கியை வாங்குதல் வேண்டும்.

இனிச் சமநிலை. துப்பாக்கியை மடித்து, இரு அறைகளும் வெறுமையாக உள்ளனவா என்று கண்ணாற்கண்டபின் மூடி, கீல் ஆணியின் கீழே ஒரு விரலை வைத்துத் தாங்கிப் பாருங்கள். அங்கேயோ அதற்குச் சற்று முன்னரோ சமன்பட்டு நிற்பது பொதுவாக நல்ல அமைப்பாகும். எனினும் இச்சோதனை மட்டும் போதாது. காவடித்தண்டின் இரு முனைகளிலும் குடங்களைத் தொங்கவிட்டுத் திரும்புவது கடினம். அதே சுமையை நடுவில் கட்டினால் எளிதில் திரும்பலாம். இரண்டிலும் சமன்படும் இடம் ஒன்றே. துப்பாக்கியிலும், இரு கைகளுக்கும் இடையே கனம் திரண்டிருந்தால் அது விரைந்து சுழலும். அந்நடுக்கனத்தைத் தருவது சட்டமே. அதை மெலித்துக் குழல்களை அப்படியே விட்டால் முனை தொங்கும். குழல்களை மட்டும் மெலித்தாலோ முனை நிலைகொள்ளாது அலையும். எனவே சட்டம், எடை, சமன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

எச்சமன் சிறந்தது என்பது பயனைப் பொறுத்தது. நம் நகரிலிருந்து மேற்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடகு நாட்டில், துப்பாக்கி குடும்பச் சொத்தாகப் போற்றப்படுகிறது. குடகருக்கு ஆயுத உரிம விதியிலிருந்து விலக்கு உண்டு. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அவ்விலக்கை ஏற்றது. செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கயில்போத் விழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து வழிபட்டு, தேங்காயைக் குறிவைத்துச் சுடுவர். அசையாத் தேங்காய்க்கு முனை சற்றுக் கனத்த துப்பாக்கி நடுங்காமல் நிற்கும். பறக்கும் களிமண் தட்டுக்குச் சுழற்சி எளிதான துப்பாக்கியே கைகொடுக்கும். அவ்விழாவில் குழல்வாயில் செருகும் பூவைத் 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ, என்பர். அது வேறன்று, நம் செங்காந்தளே! ஊர் கடந்து வந்தவர்க்கு இத்தகைய உறவுகள் இனியவை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. நம்மவர் கையில் துப்பாக்கி இன்று காவற்கருவி. சுடாமலே ஆண்டுகள் கழியலாம்; ஆனால் எட்டு மணி நேரம் சுமக்க வேண்டும், ஒரு கணம் வந்தால் தவறாது இயங்கவும் வேண்டும். கடையில் கையிலேந்தும் நொடியில் மனத்தைக் கவரும் இலேசு, இவ்விரண்டுக்கும் சான்றாகாது.

அவ்விளைஞர் மறுநாள் பெரியவரையும் உடனழைத்துக் கடைக்குச் சென்றார். அத்துப்பாக்கியின் அறை 65 மில்லிமீட்டர் என்பது தெரிந்தது. அதனை விடுத்து, ஏறத்தாழ அரைக் கிலோகிராம் கூடிய வேறொன்றைத் தேர்ந்து, உரிமத்திற் பதிவு செய்துகொண்டார். "கனமாயிருக்கிறதா?" என்று நாம் கேட்டோம். "கையில் எடுத்தால் தெரியவில்லை" என்றார். சமன் என்பதன் பொருள் அதுவே.