ஒரே உலை, ஐந்து இலை

ஐந்து சகோதரர்கள் ஒரே வளவில் குடியிருக்கிறார்கள்; உலை பொது. வெளியிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் வாசலிலேயே ஒரு பிடி அரிசி உலைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு அது எந்த அறைக்குப் போனாலும் யாரும் மறுபடி கை நீட்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, நமீபியாவும் சேர்ந்த சுங்க ஒன்றியம் இப்படித்தான் ஓடுகிறது. 1910இல் தொடங்கியது, இன்றும் இயங்கும் சுங்க ஒன்றியங்களில் உலகிலேயே பழையது. நமீபியா மட்டும் விடுதலை பெற்ற 1990இல் வந்து சேர்ந்தது.

பெரிய வாசல் அண்ணன் தென்னாப்பிரிக்காவின் பக்கம். நமீபியாவுக்கு வால்விஸ் பே துறைமுகம் என்ற சொந்த வாசல் உண்டு. மற்ற மூவருக்கும் கடலே கிடையாது. லெசோத்தோவைச் சுற்றி நாலாபக்கமும் அண்ணன் வீடுதான். ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும் இறக்குமதி வரி ஒன்றே. டர்பனில் வரி கட்டிய சரக்கு லெசோத்தோவின் மசேருவுக்குப் போனால் அங்கே இன்னொரு சுங்கவரி இல்லை.

உலையில் சேர்ந்ததை யார் எவ்வளவு அள்ளுவது? சண்டை எப்போதும் இங்கேதான். 1910 கணக்கில் அண்ணனுக்கே நூற்றில் 98க்கும் மேல். மிச்சம் மூன்று பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு. அவை விடுதலை அடைந்தபின் 1969இல் பங்கைத் திருத்தினார்கள். இப்போது நடப்பது 2002 ஒப்பந்தம்.

அதன்படி சுங்கவரிப் பணம், சகோதரர்களுக்குள் யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்கு அதிகம். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் நியாயம் இருக்கிறது. வெளிச்சரக்குக்கு வரி போட்டதால் அண்ணனின் தொழிற்சாலைகளுக்குப் போட்டி குறைகிறது. விலையைக் கொஞ்சம் ஏற்றிவைக்க முடிகிறது. அதை வாங்குகிற தம்பி, தெரியாமலே அண்ணனுக்கு ஒரு வரி கட்டிவிடுகிறான். அந்த நஷ்டத்துக்கு உலையிலிருந்து ஈடு. மது, சிகரெட் போன்றவற்றின் கலால் வரியில் 85 சதவீதம் பொருளாதாரத்தின் அளவுப்படி போகிறது, பெரும்பகுதி அண்ணனுக்கே. மீதி 15 சதவீதம் வளர்ச்சிப் பங்கு. அது கிட்டத்தட்டச் சமமாகப் பிரிகிறது, ஏழைத் தம்பிக்கு ஒரு கரண்டி கூடுதலாக.

என் கணிப்பில், இந்த உறவு முறியாமல் இருப்பதற்குப் பாசத்தைவிட இந்தக் கரண்டிக் கணக்குதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் இனவெறி ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த போட்ஸ்வானாகூட உலையை விட்டுப் போகவில்லை. போக வழியும் இல்லை என்பது வேறு விஷயம்.

கஷ்டம் என்னவென்றால், பங்கைக் காலாண்டுதோறும் மதிப்பீட்டை வைத்து முன்கூட்டியே கொடுக்கிறார்கள். தவறியதைப் பின்னால் சரிக்கட்டுகிறார்கள். 2008 உலக நெருக்கடிக்குப் பிறகு வாசலில் சரக்கு குறைந்தது. அப்போது சுவாசிலாந்து என்று அழைக்கப்பட்ட எஸ்வாட்டினிக்கு 2010-11இல் வந்த பங்கு பாதிக்கும் கீழே சரிந்து, அரசு கஜானா தடுமாறியது.

அடுத்த கஷ்டம், வாசல் சாவி யார் கையில் என்பது. 1990களில் தென்னாப்பிரிக்கா தனியாக ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேசி 1999இல் வர்த்தக ஒப்பந்தம் போட்டது. வரி குறைந்தால் உலையில் விழும் பிடியும் குறையும். தம்பிகளுக்கு அந்தப் பேச்சில் நாற்காலி கிடைக்கவில்லை. ஆகவே 2002 ஒப்பந்தம், மற்றவர்களின் சம்மதமில்லாமல் யாரும் வெளியாருடன் புதிதாக வரிச்சலுகை பேசக் கூடாது என்று கட்டிப்போட்டது. வரிவிகிதத்தைச் சேர்ந்து முடிவுசெய்ய ஒரு வாரியமும் அதில் எழுதப்பட்டது. ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்தும் வரியைப் பரிசீலிக்கும் வேலை தென்னாப்பிரிக்காவின் ஆணையத்திடமே இருந்தது. வெளியாரோடு பேசும்போது மட்டும் ஐவரும் ஒரே தரப்பு. வரிச்சலுகை ஒப்பந்தத்துக்காக இந்தியா தொடங்கிய பேச்சுவார்த்தையும் தென்னாப்பிரிக்காவோடு மட்டுமல்ல, இந்த ஒன்றியத்தோடுதான்.