வெட்டுக் கட்ட முறை

வெட்டுக் கட்ட முறை என்பது சிக்கலான வடிவங்களைச் சுற்றி நிகழும் அமுக்கத்தகு பாய்ம ஓட்டத்தைக் கணினியில் கணிக்க உதவும் எண்சார் முறைகளுள் ஒன்றாகும். ஒலியின் வேகத்தை நெருங்கும் ஓட்டங்களில் காற்றின் அடர்த்தி மாற்றத்தைப் புறக்கணிக்க இயலாது. அதிர்ச்சி அலைகளும் தோன்றலாம்.

செயற்பாடு

வேறு பல முறைகளில் பொருளின் வளைவுகளுக்கேற்ப வலையமைப்பு உருவாக்கப்படுகிறது. முழு விமானம் போன்ற வடிவங்களுக்கு இது மிகுந்த உழைப்பைக் கோரும். இம்முறையில் வெளி முழுவதும் செவ்வகக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. பொருளின் பரப்பு ஊடறுக்கும் கட்டங்கள் மட்டும் வெட்டப்பட்டு, திண்மத்தினுள் அமையும் பகுதி நீக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் முகங்கள் வழியாகவும் கடக்கும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவை கணக்கிடப்படுவதால் காப்பு விதிகள் பேணப்படுகின்றன.

சிறு கட்டச் சிக்கல்

வெட்டியபின் எஞ்சும் கட்டம் மிகச் சிறியதாக இருக்கலாம். கூரண்ட், பிரீட்ரிக்சு, லூவி ஆகியோர் 1928 இல் வெளியிட்ட நிபந்தனையின்படி, வெளிப்படைக் கணிப்பில் கால இடைவெளியையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லையெனில் கணிப்பு நிலைகுலையும். சிறு கட்டத்தை அண்டைக் கட்டத்துடன் இணைப்பது இதற்கான தீர்வுகளுள் ஒன்று.

பயன்பாடு

நாசாவின் கார்ட்3டி மென்பொருள் இம்முறையைப் பயன்படுத்துகிறது. 2003 இல் கொலம்பியா விண்ணோடம் சிதைந்ததையடுத்து, அதன் இடது இறக்கையைத் தாக்கிய நுரைத் துண்டின் பாதையை ஆராய இம்மென்பொருள் உதவியது.