நீரிழிவும் கண்பார்வையும்

நீரிழிவு உண்டென வைத்தியர் கூறிய நாள்தொட்டு நம்மை வாட்டிய கவலை கண்ணைப் பற்றியதேயாம். கல்லூரி விடுதியில் நம்முடன் உறைந்த நெடுந்தீவு நண்பர் ஒருவரும் ஏறக்குறைய அக்காலத்திலேயே இந்நோய்க்கு ஆளாயினார். ஒருநாட் காலை பத்திரிகை எழுத்துக்கள் கலங்கித் தோன்றக் கண்டு, பார்வை போயிற்றென்றே நாம் நடுங்கினோம். நண்பரோ, இறங்குதுறையில் நின்று தொலைவில் வரும் படகு இன்னதென்று பிறர்க்கு முன் கூறவல்லவர். தம் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை என்றிருந்தார். பின்னர்ப் பரிசோதித்தபோது நம் கண்ணிற் பழுதில்லை. அவர் கண்ணிலேயே நோய் இருந்தது. இஃது எங்ஙனம் ஆயிற்றென்பதை ஈண்டு விளக்க முயல்வோம்.

கண்ணினுள்ளே வில்லை ஒன்றுண்டு. குருதியிற் சீனி ஏறியிறங்குங்கால் அவ்வில்லை பருத்தும் சுருங்கியும் வடிவம் மாறும்; பார்வையும் மங்கும். சீனி மட்டுப்பட்டுச் சில வாரஞ் சென்றபின் பெரும்பாலும் அது தானே தெளியும். இதனை அறியாது நாம் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி செய்வித்தோம். இரண்டு மாதத்தில் அது உதவாதாயிற்று. பணம் போனதே மிச்சம். சீனி நிலைப்படுமுன் கண்ணாடி வாங்குதல் வீண்செலவாகும்.

மெய்யான ஆபத்து கண்ணின் பின்புறத்தே, விழித்திரையில் உள்ளது. ஆண்டுக்கணக்கிற் சீனி மிகுந்திருப்பின் அங்குள்ள நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் நலிந்து, சிறு கொப்புளங்கள் போற் புடைக்கும். நீரும் கொழுப்பும் கசியும். அக்கசிவு நடுப்பகுதியை எட்டும்வரை நோயாளர் யாதும் அறியார். நோவில்லை, சிவப்பில்லை, படகும் தெளிவாகத் தெரியும். குழாய்கள் அடைபட்டுப் பிராணவாயு குன்றுங்கால் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலிவற்றவை, ஓரிரவில் உடைந்து கண்ணுட் குருதியைப் பரப்பவும், வடுவாகி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கவும் வல்லன. திடீரெனக் கரும்புள்ளிகள் மிதப்பினும், திரை விழுந்தாற்போல் மறைப்பினும், அடுத்த படகிலேயே புறப்படல் வேண்டும். அப்போது காத்திருத்தல் தகாது.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுட் பார்க்கும் கருவியை வெளியிட்ட பின்னரே, உயிருள்ளவர் விழித்திரையை வைத்தியர் தெளிவாகக் கண்டனர். இன்றும் உள்ளே பார்த்தாலன்றி இந்நோயை அறிதல் அரிது. 2005இல் வெளியான சென்னை நகர ஆய்வொன்றில் நீரிழிவுடையாருள் நூற்றுக்கு 17.6 பேரிடம் இது காணப்பட்டது. நம் நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த கணிப்பிலே வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேரளவில் நீரிழிவுடையார். அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் உண்டென்றே அறிந்திலர்!

இனி, ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. புதுக் குழாய்கள் முளைத்த கண்ணை உரிய வேளையில் ஒளிக்கதிராற் சுட்டால் கடும் பார்வையிழப்பு பாதிக்குமேற் குறையும் என்று 1976இல் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. இக்காலத்தில் லேசருடன் கண்ணுட் செலுத்தும் ஊசிமருந்தும் உண்டு. 1993இல் முடிவுற்ற மற்றோர் ஆய்வில், இன்சுலின் இன்றியமையாத 1441 பேருள், முன்பு கண்ணோய் இல்லாதிருந்தோரிடையே, சீனியை இறுக்கமாக அடக்கியோர்க்கு விழித்திரை நோய் தோன்றுவது 76 வீதம் குறைந்தது. குருதியமுக்கத்தை அடக்குதலும் வேண்டும். பனங்கட்டி தீங்கற்றதென்று நம்மவர் சிலர் தேநீருக்குத் தாராளமாகக் கடிப்பர். குருதியைச் சேர்ந்தபின் அதுவும் சீனியே.

எனவே நோய் அறியப்பட்டவர் ஆண்டுக்கொருமுறை கண்மணியை விரித்துப் பார்ப்பித்தல் வேண்டும். கருவுற்ற நீரிழிவுடைய மகளிர் இன்னும் விரைவிற் செல்லவேண்டும். தீவகத்தார்க்கு இதில் ஓர் இடர்ப்பாடுண்டு. விரிக்கும் மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கிக் கண் கூசும். அந்நிலையில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலிருந்து குறிகட்டுவான் வரை பேருந்திலும், அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிலும், நண்பகற் கடலொளியிற் செல்லுதல் எளிதன்று. நண்பர் இதனைச் சாட்டியே இரண்டாண்டு கடத்தினார். பின்பு லேசர் செய்து இடக்கண் காக்கப்பட்டது. வலக்கண்ணின் நடுப்பார்வை குறைந்தது குறைந்ததே. இப்பொழுது அவர் நான்கு மாதத்துக்கொருமுறை வருவார். கறுப்புக் கண்ணாடியும் குடையும் கொணர்ந்து நம் வீட்டில் ஓரிரவு தங்கி மறுநாட் படகேறுவார். நம் முறையோ ஆண்டுக்கொன்று. இருவரும் ஒரே நாளில் மருந்து விட்டுக்கொண்டால் வழிகாட்ட ஆளில்லையாதலின், அதனை வேறொரு மாதத்தில் வைத்துக்கொண்டோம்.