'என் மேல நம்பிக்கை இல்லையா?' - இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றது?

"மச்சான், சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதான்டா. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"போன் பாஸ்வேர்டைச் சொல்றதுக்கு என்ன தயக்கம்? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"வர பத்து மணி ஆகும்னு சொன்னா, எதுக்கும்மா இத்தனை கேள்வி? என் மேல நம்பிக்கை இல்லையா?"

நண்பன், காதலி, பிள்ளை என்று கேட்கிற ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். 'இல்லை' என்றால் உறவு கசந்துபோகும். 'இருக்கு' என்றால் கேட்டதைக் கொடுத்தே ஆகணும். இப்படி இரண்டு பக்கமும் இடிக்கிற கேள்விக்குப் பதில் தேடணும்னா, முதல்ல 'நம்பிக்கை' என்ற சொல்லையே கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

ஒரே சொல், மூணு வேலை

"இந்த வேலை கிடைச்சிடும்னு நம்புறேன்." இது எதிர்பார்ப்பு.

"நான் சாமியை நம்புறேன்." இது பக்தி.

"அவனை நம்பி வண்டிச் சாவியைக் கொடுத்தேன்." இங்கேதான் விஷயமே இருக்கு. நம்முடைய ஒன்றை இன்னொருத்தர் கையில் ஒப்படைச்சிருக்கோம்.

எதிர்பார்ப்பு பொய்த்தால் அது ஏமாற்றம். ஒப்படைத்தது போனால் அதற்குப் பெயர் துரோகம். பல சண்டைகள் இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. பிறந்தநாளுக்கு 12 மணிக்கு போன் வரும்னு நாமளே மனசுக்குள்ள நினைச்சிருப்போம். வரலைன்னா, "உன்னை எவ்வளவு நம்பினேன் தெரியுமா?" என்று பொங்குவோம். எதிரில் இருப்பவர் அப்படியொரு வாக்கே கொடுத்திருக்க மாட்டார்!

'ஒப்படைப்பது' என்ற இந்தப் பொருளைச் சட்டமும் பிடித்து வைத்திருக்கிறது. செய்திகளில் 'நம்பிக்கை மோசடி' என்று படிக்கிறோமே, அது நம்பி ஒப்படைத்த பணத்தையோ பொருளையோ ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கான பிரிவு 316. பேச்சு வழக்கில் இதையே "நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டான்" என்கிறோம்.

எந்த விஷயத்துல?

ஒருத்தரை 'முழுசா' நம்புறேன் என்று சொல்வது கேட்க நல்லா இருக்கும். நிஜத்தில் நாம் யாரையும் அப்படி நம்புவதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் கொடுக்க ஓடி வரும் அதே நண்பன், வாங்கின 500 ரூபாயை ஆறு மாதமாகத் திருப்பித் தந்திருக்க மாட்டான். அவனை உயிருக்கு நம்பலாம், கடனுக்கு நம்ப முடியாது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அந்த ஜாமீன் கையெழுத்தையே எடுத்துக்கொள்வோம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அவர் கட்டாவிட்டால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நண்பன் நல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கையெழுத்தில் அவன் வேலையை, உடல்நிலையை, அவன் கம்பெனியின் எதிர்காலத்தைச் சேர்த்து நம்புகிறீர்கள். அதனால், "உன் மேல நம்பிக்கை இருக்குடா, தவணையை நான் கட்டுற நிலைமை வந்தா என்னால முடியாது" என்று சொல்வது துரோகம் ஆகாது.

பாஸ்வேர்டு கொடுத்தால் நம்பிக்கையா?

காதலில் இது வேறு ரூபம் எடுக்கும். பாஸ்வேர்டு, லைவ் லொகேஷன், 'லாஸ்ட் சீன்' என்று எல்லாம் கையில் இருந்தால்தான் நம்புவேன் என்பவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள்... எல்லாவற்றையும் எந்நேரமும் பார்க்க முடிந்தால், அங்கே நம்ப வேண்டிய அவசியமே இல்லையே! பார்க்காத இடத்தில்தான் நம்பிக்கைக்கு வேலை.

அம்மா கேட்கிற கேள்விகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். "உன்னை நம்புறேன், ஊரைத்தான் நம்பலை" என்று நம்ம வீடுகளில் சொல்வார்களே, அதில் உண்மை இருக்கிறது. அந்தச் சந்தேகம் உங்கள் மேல் இல்லை, ராத்திரி ரோட்டின் மேல். கிளம்பும்போது ஒரு மெசேஜ் போட்டால் பாதிக் கேள்வி குறையும்.

வள்ளுவர் சொல்லும் வழி

திருக்குறளின் 51-வது அதிகாரம், 'தெரிந்து தெளிதல்'. 'தெளிதல்' என்றால் அங்கே ஒருவரை நம்பித் தேர்ந்தெடுப்பது. அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்காக எழுதப்பட்டது என்றாலும், அதன் கடைசிக் குறள் நமக்கும் பொருந்தும். ஆராயாமல் நம்புவது, நம்பிய பிறகு சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம் என்கிறார். முதல்ல விசாரி, அப்புறம் நம்பு, நம்பின பிறகு நோண்டாதே. அவ்வளவுதான்.

முகம் தெரியாதவர்களிடம் முதல் பாதியை இறுக்கிப் பிடியுங்கள். ஏமாற்றுபவர்கள் முதலில் பேசுவதே நம்பிக்கையைப் பற்றித்தான். 'பேங்க்ல இருந்து பேசுறேன், என்னை நம்புங்க' என்று யார் சொன்னாலும் ஓ.டி.பி சொல்லாதீர்கள். யு.பி.ஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை; அதைக் கேட்டால், உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

தெரிந்தவர்களிடம் நம்பிக்கை வளர்வது, அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டு மாதிரி. முதல் மாதம் 200 ரூபாய்க்குத்தான் கடன் கொடுப்பார். தேதி தவறாமல் அடைத்தால் அடுத்த மாதம் ஆயிரம். ஒரு தடவை தவறினால் மறுபடியும் 200-ல் இருந்துதான் ஆரம்பிக்கணும். உடைந்த உறவைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் இதே வழிதான். பெரிய சத்தியங்களைவிட, 'ஆறு மணிக்கு வர்றேன்' என்று சொல்லி ஆறு மணிக்கு வந்து நிற்பதுதான் உதவும்.

அடுத்த முறை யாராவது "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால் பதறாதீர்கள். "இருக்கு. ஆனா எந்த விஷயத்துல கேட்குற?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அதே கேள்வியை நீங்கள் இன்னொருத்தரிடம் கேட்கப் போகிறீர்களா? அவர் எதை உங்கள் கையில் ஒப்படைக்கணும்னு எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்!