மூலிகைச் சாரமும் மனித உயிரணுக்களும்

“மனித செல்களில் பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது.” மூலிகைப் பொடியின் உறையிலோ கைப்பேசியில் வந்த செய்தியிலோ உள்ள இத்தகைய வரியைக் காட்டி, “இதை அப்பாவுக்குக் கொடுக்கலாமா, டாக்டர்?” என்று உறவினர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. விடை கூறுமுன், அப்பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளக்க விரும்புகிறோம்.

ஆய்வகத்தில் மனித உயிரணுக்கள் 37 பாகை செல்சியசு வெப்பத்தில், ஊட்டநீரில் வளர்க்கப்படுகின்றன. உட்கொள்ளும் பொருள்களைப் பக்குவப்படுத்தும் உறுப்பு கல்லீரல் ஆதலின், ‘ஹெப்ஜி2’ என்னும் கல்லீரல் உயிரணு வகை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. 96 சிறு குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் உயிரணுக்களை இட்டு, மூலிகைச் சாரத்தைக் குழிக்குக் குழி அளவு கூட்டிச் சேர்ப்பர். ஒப்பீட்டின் பொருட்டுச் சில குழிகளில் சாரம் சேர்ப்பதில்லை. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்து, ‘எம்டிடி’ என்னும் மஞ்சள் சாயம் இடப்படும். உயிருள்ள அணுக்கள் அம்மஞ்சளை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும், இறந்தவை மாற்றா. ஊதாவின் அடர்த்தியை அளந்து, எந்த அளவில் எத்தனை பங்கு உயிரணுக்கள் பிழைத்தன எனக் கணக்கிடுவர். 1983இல் வெளியான இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஆயினும் சில தாவரச் சாரங்கள் உயிரணு ஒன்றுமில்லாமலேயே மஞ்சளை ஊதாவாக்கிவிடும்! ஆகவே கவனமுள்ள ஆய்வாளர், உயிரணு இல்லாத குழியிலும் சாரத்தை இட்டுப் பார்த்துக்கொள்வார்.

கடும் நச்சுடைய சாரத்தைத் தொடக்கத்திலேயே விலக்க இச்சோதனை பெரிதும் உதவுகிறது. அதன் மதிப்பை நாங்கள் குறைத்துக் கூறவில்லை. எனினும் தட்டிலுள்ள அணுக்கள் சாரத்தைச் சந்திப்பது மூன்று நாள். நோயாளி கஷாயம் அருந்துவதோ பல மாதங்கள். ஹெப்ஜி2 கட்டியிலிருந்து பெறப்பட்ட அணு ஆதலால், இயல்பான கல்லீரலின் நொதிகள் பல அதில் குறைவு. சில செடிகளில் உள்ள பிரோலிசிடின் ஆல்கலாய்டுகள் போன்றவை, கல்லீரல் நொதிகளால் மாற்றமடைந்த பின்னரே நஞ்சாகின்றன. அந்நொதி குறைந்த தட்டில் அவை தீங்கற்றவையாகத் தோன்றக்கூடும். மேலும், ஆய்வகத்தில் மெத்தனால் கொண்டு எடுத்த சாரமும், வீட்டில் நீரிலிட்டுக் காய்ச்சிய கஷாயமும் ஒரே செடியினவாயினும் ஒரே பொருளல்ல.

“புற்றணுவை அழித்தது” என்னும் செய்தி, புற்றுநோயாளியின் குடும்பத்தில் பெரும் நம்பிக்கையை எழுப்புகிறது. தட்டிலுள்ள புற்றணுவைக் கடும் உப்புநீரும் அழிக்கும். அதே அளவில் நலமுள்ள அணுக்கள் பிழைத்தனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்கு உதவுமா என 1950களில் கனடாவில் அதனை ஆராய்ந்தபோது, எலிகளின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டனர். அச்செடியிலிருந்தே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள் பெறப்பட்டன. அவற்றை இரத்த எண்ணிக்கை பார்த்து, அளவு கணக்கிட்டு, இரத்தநாளத்தின் வழியே செலுத்துகிறோம். கீமோதெரபியால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் ஒருவர், அவ்விலையையும் அரைத்து உண்பதை எங்களால் ஏற்க இயலாது.

உறையிலுள்ள பெயரும் உள்ளிருக்கும் மூலிகையும் ஒன்றுதானா என்பது வேறொரு சிக்கல். 1990களின் தொடக்கத்தில் பிரசல்சு நகரில், உடல் மெலிவதற்கான சிகிச்சையில் சீன மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். பலருக்கு டயாலிசிசோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் தோன்றியது. ஸ்டெபானியா என்னும் மூலிகைக்குப் பதிலாக, சீன மொழியில் ஒத்த பெயருடைய அரிஸ்டோலோக்கியா சேர்ந்திருந்ததே காரணம். ஸ்டெபானியாவை எத்தனை தட்டுகளில் சோதித்திருந்தாலும் அப்பெண்களுக்கு அது காவலாகியிராது. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும் அந்த அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்ததே. ஆடுகள் அதன் பெயரைக் காத்துவருகின்றன.

ஆகவே, உங்கள் வினாவுக்கு உறையிலுள்ள ஒரு வரியைக் கொண்டு எங்களால் விடை கூற இயலாது. கீமோதெரபி பெறுவோர், சிறுநீரக, கல்லீரல் நோயுடையோர், உறுப்பு மாற்றம் பெற்றோர், வார்ஃபரின் உட்கொள்வோர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் ஆகியோரின் குடும்பத்தினர், அடுத்த முறை வரும்போது பொடி, புட்டி, காய்ந்த வேர் எதுவாயினும் உறையோடு எடுத்துவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்வோம் என அஞ்சி மறைக்க வேண்டா. எவ்வளவு, எந்நாள் முதல் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளை அந்நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.