சத்தம் நிற்காமலே நிம்மதி வரும்

1953-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மோரிஸ் ஹெல்லர், மோ பெர்க்மன் என்ற இருவர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கும் 80 பேரை, வெளிச்சத்தம் எட்டாத ஓர் அறைக்குள் சில நிமிடங்கள் உட்காரவைத்து, காதில் என்ன விழுந்தாலும் குறித்துத் தரச் சொன்னார்கள். அறைக்குள் ஒலி எதுவும் இல்லை. ஆனாலும் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒன்று கேட்டது. ரீங்காரம் என்றார்கள் சிலர், இரைச்சல் என்றார்கள் சிலர், மணியோசை என்றார்கள் வேறு சிலர்.

காதிரைச்சலோடு நாள் கழிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. செவியும் மூளையும் தம்பாட்டுக்கு ஒலி எழுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலானவர்களின் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலருடைய மூளைக்கோ அது விடமுடியாத விஷயமாகிவிடுகிறது. அவர்கள் படும் பாடு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதைத் தணிக்கும் வழியும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு கணக்கின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டவர்கள், காதிரைச்சலை உணர்ந்திருக்கிறார்கள். அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்கு அது கடுமையாக இருப்பவர்கள் 12 கோடிக்கும் மேல். இத்தனை பேருக்கு இருந்தும், "எனக்கு மட்டும் ஏன்?" என்றே ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடக் கேட்காத சத்தம் அல்லவா?

எங்கிருந்து வருகிறது?

உட்செவியில் நத்தை வடிவில் இருக்கும் காக்ளியாவுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்பு மொழிக்கு மாற்றுபவை அவை. முதுமை, பேரிரைச்சல், சில மருந்துகள் எனப் பல காரணங்களால் அவை அழியலாம். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. வரவேண்டிய ஒலி குறைந்ததும், மூளை அந்த இழப்பை ஈடுகட்டத் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளின் இயல்பான சலசலப்பே சத்தமாகக் கேட்கத் தொடங்குகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

அது ஏன் இப்படி வதைக்கிறது? 1990-இல் பாவெல் யஸ்ட்ரெபாஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். மூளையில் அச்சத்தையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகள் இந்தச் சத்தத்தை ஆபத்து என்று முத்திரை குத்திவிடுகின்றன. பழகாத காவல் நாய் வீட்டு மனிதரைப் பார்த்தும் விடாமல் குரைப்பதைப் போல, எச்சரிக்கை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கலைகிறது. தூக்கம் கெட்டதால் மறுநாள் சத்தம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பயம் சத்தத்தை வளர்க்க, சத்தம் பயத்தை வளர்க்கிறது.

செவித்திறனை அளக்கும் ஆடியாலஜிஸ்ட் கருவி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது, பெரும்பாலானவர்களின் இரைச்சல் அவர்களுடைய கேட்கும் எல்லைக்குச் சில டெசிபல் மேலேதான் இருக்கிறது. அதற்காக, "தலைக்குள் விமானம் ஓடுகிறது" என்று சொல்பவர் மிகைப்படுத்துகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. சத்தத்தின் அளவும் அது தரும் துன்பத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. சத்தத்தைக் குறைக்க முடியாத நிலையிலும் துன்பத்தைக் குறைக்க முடிவது இதனால்தான்.

யாருக்கும் கேட்காத ஒலி

செக் இசைமேதை பெட்ரிச் ஸ்மெத்தனாவுக்கு 1874-இல் காதில் இரைச்சல் தொடங்கி, சில மாதங்களுக்குள் இரு காதுகளும் கேளாமல் போயின. 1876-இல் அவர் தன் வாழ்க்கைக் கதையையே நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கான ஒரு படைப்பாக எழுதினார். கடைசிப் பகுதியில், துள்ளி ஓடும் இசை சட்டென்று அறுபட்டு, முதல் வயலின் மிக உயர்ந்த ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்கும். தன் காதுகளுக்குள் ஒலித்து, வரப்போகும் செவிட்டை அறிவித்த ஓசை அது என்று அவரே நண்பருக்கு விளக்கியிருக்கிறார். தனக்கு மட்டும் கேட்டதை அவர் அரங்கம் முழுவதும் கேட்கவைத்தார்.

எல்லோருக்கும் அது வாய்க்காது. காதிரைச்சலில் ரத்தமும் இல்லை, கட்டும் இல்லை, எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே", "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்று வீட்டில் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொற்கள் சம்பந்தப்பட்டவரை மேலும் தனியாக்கிவிடுகின்றன. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று விடிந்ததும் விடியாததுமாகக் கேட்பதும் உதவாது. மறந்திருந்தவரை அது மறுபடியும் சத்தத்தின் பக்கம் திருப்பிவிடும். "உனக்குக் கேட்கிறது என்பதை நான் நம்புகிறேன், வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

நாளைக்கு எப்படி இருக்கும்?

காதிரைச்சலில் சத்தத்தைவிடக் கொடியது அதன் நிச்சயமின்மை. நேற்று மெல்லிதாக இருந்தது இன்று காரணமில்லாமல் ஏறிக்கிடக்கும். தூக்கக்குறைவு, மன அழுத்தம், சளி, தாடை அல்லது கழுத்துத் தசையின் இறுக்கம், நெடுநேரம் கேட்ட பேரிரைச்சல் என எதனாலும் அது கூடலாம். "இனிமேல் இப்படியேதானா?" என்ற கேள்வி அப்போது நெஞ்சை அடைக்கும். ஆனால் இப்படி ஏறுவது பெரும்பாலும் தானாகவே தணியும். இதை நல்ல நாளிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கெட்ட நாளில் கைகொடுக்கும்.

இந்த நிச்சயமின்மையைத் தாங்க முடியாமல் பலர் இரண்டு பழக்கங்களுக்குள் விழுகிறார்கள். ஒன்று, எழுந்தவுடன் காதைக் கூர்ந்து சத்தத்தை அளப்பது. அப்படி ஒவ்வொரு முறை தேடும்போதும், இது முக்கியம் என்று மூளைக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாவது, சாதாரணத் தெருச் சத்தத்துக்கே பயந்து எந்நேரமும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது. வெளி ஒலி குறையக் குறைய மூளை தன் கூர்மையை இன்னும் கூட்டும், இரைச்சலும் கூடும். உண்மையான பேரிரைச்சலுக்குக் காதடைப்பான் அவசியம். வீட்டுக் கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் வேண்டாம்.

இரவு வேறு வகை. வீடு அடங்கியதும் சத்தம் மட்டும் மிஞ்சி நிற்கும். அந்த நேரத்தில் முழு அமைதியைத் தவிர்ப்பது நல்லது. மின்விசிறியோ, மெல்லிய மழை ஒலியோ, தாழ்வாக வைத்த வானொலியோ போதும். இரைச்சலை முழுக்க மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல், இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவில் வைத்தால்தான் மூளை இரைச்சலோடு பழகும். தூக்கம் வராமல் புரண்டுகொண்டே கிடப்பதைவிட, எழுந்து உட்கார்ந்து ஏதாவது படித்துவிட்டு மறுபடி படுக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும், காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றக் கூடாது.

"ஒண்ணும் பண்ண முடியாது"

காதிரைச்சல்காரர்கள் பலர் மருத்துவரிடமிருந்து கேட்டுவந்த வாசகம் இதுதான். "பழகிக்கோங்க" என்று ஒரு சொல்லும் கூடவே வரும். இதில் பாதி உண்மை இருக்கிறது: இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. பாதி உண்மையைச் சொல்லி அனுப்புவதால்தான் ஆட்கள் விளம்பரங்களில் பார்த்த மருந்துகளுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜிங்கோ பைலோபா, மெலடோனின், துத்தநாகம் போன்றவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. செவித்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி, துன்பம் நீடித்தால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றைத்தான் அது முன்வைக்கிறது.

அந்தச் சிகிச்சையில் உளவியலாளர், "என் வாழ்க்கை முடிந்தது" என்பது போன்ற எண்ணங்களை நோயாளியோடு சேர்ந்து எடுத்துப் பார்த்து, அவை எவ்வளவு சரி என்று சோதிக்கிறார். விட்டுவிட்ட வேலைகளையும் போகாமல் நிறுத்திய இடங்களையும் படிப்படியாக மீட்க உதவுகிறார். நெதர்லாந்தில் 492 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஓராண்டு முடிவில் மேம்பட்ட வாழ்க்கைத்தரத்தோடும் குறைந்த துன்பத்தோடும் இருந்தார்கள். உளவியலாளரிடம் அனுப்பினால், "அப்போ என்னைப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. சத்தம் உண்மை. அதற்கு மூளை அடிக்கும் எச்சரிக்கை மணியைத் தணிக்கத்தான் அங்கே அனுப்புகிறார்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், உதவி கேட்பதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

திடீரென்று ஒரு காது கேளாமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு காதில் மட்டும் தொடரும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் ஓசை, தலைச்சுற்றலோடு வரும் இரைச்சல் ஆகியவற்றையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். புதிய மருந்துக்குப் பிறகு இரைச்சல் தொடங்கினால், அந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவது வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வராமல் தடுப்பதும் நம் கையில் உண்டு. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஷிப்ட் ஷிப்டாக நிற்பவர்களுக்கு இது எட்டாக் கனி. அவர்களுக்குக் காதடைப்பானும் ஆண்டுக்கொரு செவித்திறன் சோதனையும் தறி உரிமையாளர் காட்டும் கருணையாக இருக்கக் கூடாது. அவை உரிமை.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லும் அதே நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம்: "ஆபத்தான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டோம், இல்லை. சத்தம் இருக்கலாம், ஆனால் அது உங்களைப் படுத்துவது குறையும், அதற்கு வழி இருக்கிறது. அடுத்த மாதம் வாருங்கள், எப்படிப் போகிறது என்று சேர்ந்து பார்ப்போம்." நாளை என்ன ஆகுமோ என்று தவிப்பவருக்கு, அடுத்த மாதம் தன்னைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதே சிகிச்சையின் தொடக்கம்.